கார்புரேட்டரைப் பிரிக்கும் முன்

பழைய பிக்கப் டிரக் திக்கித் திணறினால் எல்லோரும் உடனே பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றிவிடுகிறார்கள். பல நேரம் கோளாறு இக்னிஷனில்தான், அதாவது தீப்பொறி தரும் பகுதியில். பிளக், பாயிண்ட், டைமிங் எல்லாம் பார்த்தாச்சா? சரி, அப்புறம் இங்கே வாருங்கள்.

ஃபோர்டின் 300 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 1965 முதல் 1996 வரை வந்த முரட்டு எஞ்சின். பலவற்றில் கார்ட்டர் ஒய்எஃப் கார்புரேட்டர். எஞ்சினை அணைத்து, ஏர் கிளீனரைக் கழற்றி, மேலிருந்து பார்த்தபடி திராட்டிலை (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் தகடு) கையால் திறந்துவிடுங்கள் (முகத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்). அந்தக் கணமே பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். வெறுமனே சொட்டினால், மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோலைத் தள்ளும் ஆக்ஸிலரேட்டர் பம்ப்பின் டயாஃப்ரத்தை (ரப்பர் சவ்வு) சந்தேகியுங்கள். மிதித்ததும் வண்டி தடுமாறுவது பெரும்பாலும் இதனால்தான். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது.

ஐடிலில் (மிதிக்காமல் ஓடவிடும்போது) எஞ்சின் வேகம் ஏறி இறங்குகிறதா? வேக்குவம் குழாய்களையும் கார்புரேட்டருக்கு அடியிலுள்ள கேஸ்கெட்டையும் பாருங்கள், எங்கோ காற்று புகுகிறது. காற்று புகும் இடத்தைக் கண்டுபிடிக்க, எரியக்கூடிய ஸ்பிரே அடித்துச் சோதிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த எஞ்சினில் காற்று உள்ளே போகும் இன்டேக்கும் சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். சூட்டில் அடித்தால் தீப்பிடிக்கலாம்.

கரும்புகையும் பெட்ரோல் வாடையும் வந்தால் முதலில் சோக் (குளிரில் கிளப்பக் காற்றைக் குறைக்கும் தகடு) எஞ்சின் சூடானதும் முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால், உள்ளே பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோட் (மிதவை), நீடில் வால்வ். அதற்குத்தான் கார்புரேட்டரைத் திறக்க வேண்டும்.