ஆள் இல்லை

மே 7, 2025, புதன். வெள்ளவத்தை.
புறக்கோட்டைக் கடைகள் சிலவற்றின் கணக்கை வீட்டிலிருந்து பார்க்கிறேன். கூலி மணித்தியாலக் கணக்கு. நேரத்தை இவ்வளவு காலமும் கொப்பியில்தான் எழுதினேன், பாதி குத்துமதிப்பு. இன்று தம்பி வந்து நேரத்தைத் தானாகக் குறிக்கும் அக்டிவிட்டிவொட்ச் என்ற இலவச மென்பொருளை லப்டொப்பில் போட்டுவிட்டான். "அக்கா, ஒண்டும் வெளியில போகாது." பதிவெல்லாம் இந்த மெஷினுக்குள்ளேயே கிடக்கிறது, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 5600 என்று அடித்தால் திறக்கிறது. ஊரார் பேங்க் கணக்கெல்லாம் என் திரையில் ஓடும்போது அது முக்கியம்.

மே 9, வெள்ளி.
எந்த விண்டோ முன்னால் நிற்கிறது, அதன் தலைப்பு என்ன என்று விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. கீபோர்டும் மவுஸும் மூன்று நிமிடம் அசையாவிட்டால் ஆள் இல்லை என்று குறித்துவிடும்.
வட்ஸ்அப்புக்குப் போனது இன்று 38 நிமிடம்தான். பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டு டைம்லைனைப் பெரிதாக்கினேன். எக்செல் கோடு முழுக்கப் பொட்டுப் பொட்டாக வட்ஸ்அப். காலையில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஒரு துண்டு கிடையாது. கூட்டுத்தொகையை மட்டும் காட்டினால் யாரும் என்னை மெச்சுவார்கள்.

மே 12, திங்கள். வெசாக்.
லப்டொப் மூடியபடி. பிள்ளைகளோடு கங்காராமை விகாரைப் பக்கம் வெசாக் விளக்குக் கூடு பார்க்கப் போனோம். திரும்பி வர பஸ்தான் இல்லை.

மே 14, புதன்.
ஒரு கடையின் ஏப்ரல் பில்லுகள் ஷொப்பிங் பேக் நிறைய வந்தன. வெயிலில் கிடந்து எழுத்து மங்கிய தாள்கள். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் தொகை தெரிகிறது. வற் வரி (பெறுமதி சேர் வரி) 18 வீதம் தனியாகப் போட்டவை ஒரு கட்டு, போடாதவை இன்னொரு கட்டு. மத்தியானம் வரை தரையில்தான் இருந்தேன். பதிவைத் திறந்தால் அவ்வளவு நேரமும் 'ஆள் இல்லை'.
பின்னேரம் நான் சமையலில் நின்றபோது மாமி யூடியூபில் முருகன் பாட்டுப் போட்டாராம். சத்தம் வரும் பிரவுசர் டேப்பை ஆள் இருப்பதாக எடுக்கும் செட்டிங் ஒன்று உண்டு. ஆகவே அந்த 52 நிமிடமும் நான் மெஷினுக்கு முன்னால்! முதல் வேலையாக அதை நிறுத்தினேன்.

மே 16, வெள்ளி.
ஃபைல் பெயர்களில் கடைப் பெயரைச் சேர்த்து, அந்தச் சொல் தலைப்பில் வந்தால் இந்தக் கடைக்கு என்று விதி எழுதினேன். இனி நேரம் தானாகப் பிரிகிறது. தாள் வேலைக்கு உள்ளேயே ஒரு ஸ்டொப்வொட்ச் இருக்கிறது; அதைக் கையால் ஓடவிட வேண்டும்.

மே 31, சனி.
அந்த ஏப்ரல் பில்லுக் கடைக்கு என் கூலிப் பில்லை அனுப்பினேன். 'தாள் பிரித்தல்' என்று தனி வரி. முதலாளி உடனே கோல் எடுத்தார்: "தங்கச்சி, இது என்ன புதுசா?" கொப்பிக் காலத்தில் இதை நான் சேர்த்ததேயில்லை என்றேன். இனிக் கிழமைக்குக் கிழமை வற் பில்லுகளைப் புறம்பாகக் கட்டியே அனுப்புவாராம். பார்ப்போம்.