பற்றரியும் வன்னி வெயிலும்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் போன் திருத்தும் கடையில் வேலை செய்கிறவனுக்கு வருடத்தின் பருவங்கள் மேசைக்கு வரும் போன்களிலேயே தெரிந்துவிடும். மாரியில் தண்ணீர் புகுந்தவை வரும். பங்குனி, சித்திரை தொடங்கி சோளகக் காற்று ஓயும் வரைக்கும் பற்றரி போனவை வரும். கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே குற்றவாளியைத்தான் காட்டுவார்கள். "போனோட வந்த சார்ஜர் துலைஞ்சு போச்சு தம்பி, றோட்டுக் கடையில ஒண்டு வாங்கினனான், அதுதான் பற்றரியத் திண்டுட்டுது."

இது பாதிதான் சரி. மிச்சப் பாதியை ஆட்களுக்கு விளங்கப்படுத்துவதும் என் வேலை என்றே நினைக்கிறேன். பற்றரி மாற்றிக்கொண்டு போகிறவர் பழக்கத்தை மாற்றாமல் போனால் அடுத்த வருடமும் அதே செலவுதான்.

சுவரில் செருகும் அந்தக் கட்டையைச் சார்ஜர் என்கிறோம். உண்மையில் பற்றரியைச் சார்ஜ் செய்யும் சுற்று போனுக்குள்ளேயே இருக்கிறது. வெளியில் இருக்கும் கட்டையின் வேலை, சுவரில் வரும் 230 வோல்ற்றை 5 வோல்ற் நேர்மின்னாக்கிக் கொடுப்பது. எவ்வளவு எடுப்பது, எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது எல்லாவற்றையும் போன்தான் தீர்மானிக்கிறது. விரைவுச் சார்ஜரும் போனோடு முதலில் பேசிப்பார்த்துவிட்டு, போன் கேட்டால்தான் 9 வோல்ற்றுக்கு ஏறும். ஆகவே 33 வொட் சார்ஜரைப் பழைய 10 வொட் போனில் செருகினால் பற்றரி வெடித்துவிடும் என்ற பயம் தேவையில்லை. நல்ல தயாரிப்பாக இருந்தால் வேறு கொம்பனிச் சார்ஜரும் பாவிக்கலாம்.

ஆனால் மலிவுச் சார்ஜரை நான் ஒருபோதும் நியாயப்படுத்த மாட்டேன். ஒன்றை நெம்பித் திறந்து பார்த்தால் காரணம் தெரியும். நல்ல சார்ஜருக்குள் 230 வோல்ற் பக்கத்துக்கும் 5 வோல்ற் பக்கத்துக்கும் இடையில் சுமார் 5, 6 மில்லிமீற்றர் இடைவெளி விட்டிருப்பார்கள். பல தயாரிப்புகளில் அந்த இடத்தில் பலகையையே வெட்டி விட்டிருப்பார்கள். அந்த இடைவெளிக்குக் குறுக்கே, பாலம் போல, நாலு கால் உள்ள சின்னக் கறுப்புத் துண்டொன்று இருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தாமல் ஒளியால் மட்டும் செய்தி கடத்தும். ட்ரான்ஸ்போமரில் மஞ்சள் ரேப் பல சுற்றுச் சுற்றியிருக்கும். மலிவுச் சார்ஜரில் இந்த இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு நிற்கும். ஈய ஒட்டு கொஞ்சம் வழிந்தாலே போதும், சுவர் மின்சாரம் போனின் உலோக விளிம்புக்கு வந்துவிடும். வெறுங்காலோடு சீமெந்து நிலத்தில் நின்று சார்ஜில் இருக்கும் போனைத் தொட்டதும் கை சுரீரென்கிறது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம், அந்தச் சார்ஜரை இனி வீட்டில் வைத்திருக்கவே வேண்டாம் என்று சொல்லுவேன். அங்கே கவலை பற்றரி பற்றியதே இல்லை. வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இன்னொரு அறிகுறி, சார்ஜில் இருக்கும்போது தொடுதிரை தானாகத் துள்ளுவது. டிஸ்பிளே போய்விட்டது என்று வருவார்கள். அனேகமாக சார்ஜரிலிருந்து வரும் மின்சாரம் சீராக இல்லை என்பதுதான் காரணம். சார்ஜரை மாற்றினால் திரை அமைதியாகிவிடும். அப்புறம் வயர். மெல்லிய செம்புள்ள வயரில் போகும்போது வோல்ற்றேஜ் வழியிலேயே விழுந்துவிடும். சார்ஜ் ஏறவில்லை என்று வரும் போன்களில் பலவற்றுக்கு வயரை மாற்றுவதும், துளைக்குள் அடைந்த செம்மண் தூசியைப் பக்குவமாக எடுப்பதும் போதும்.

சரி, பற்றரியை உண்மையில் தின்பது எது? முதலாவது வெக்கை. லிதியம் அயன் பற்றரிக்குள் கிறபைற் என்ற கரிப் படையின் மேல் மெல்லிய படலமொன்று இருக்கும். அது தேவையானதுதான். ஆனால் சூடு கூடக் கூடப் படலம் தடித்து, வேலை செய்யவேண்டிய லிதியத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கொள்ளளவு குறையும், மின்சாரம் வெளியே வருவதை உள்ளேயே மறிக்கும் உட்தடை கூடும். 30 வீதம் என்று காட்டிக்கொண்டிருக்கிற போன் கமராவைத் திறந்ததும் பொசுக்கென்று நின்றுவிடுவது இதனால்தான். அப்பிள் நிறுவனம் தன் போன்களைப் பாவிக்க 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரையான சூழல் வேண்டும் என்றும், 35க்கு மேலே பற்றரியின் கொள்ளளவு நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம் என்றும் சொல்கிறது. நமக்குச் சித்திரை வெயிலில் மர நிழலே அந்த எல்லையில் நிற்கும். தகரக் கூரைக்குக் கீழே மத்தியானத்தில் என்ன இருக்கும் என்பதை அதற்குள் இருந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

அந்த வெக்கைக்கு மேல் நாங்கள் இன்னும் சேர்க்கிறோம். மோட்டார் சைக்கிள் கைபிடியில் போனை மாட்டி, அங்கேயே யூஎஸ்பி வயரும் கொடுத்து, மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வரைக்கும் நேர்வெயிலில் ஓடுகிறோம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு சார்ஜில் போட்டபடியே ஒரு மணித்தியாலம் வீடியோ கோல் எடுக்கிறோம். அப்போது சார்ஜ் ஏறும் சூடு ஒரு பக்கம், புரொசசரின் சூடு மறுபக்கம்.

ஒரு அக்கா கொண்டுவந்த போனின் பின்மூடி ஒரு பக்கம் எழும்பி நின்றது. உள்ளே பற்றரி ஊதியிருந்தது. சார்ஜர் போனோடு வந்த அதே சார்ஜர், நல்ல நிலையில் இருந்தது. எங்கே வைத்துச் சார்ஜ் போடுகிறீர்கள் என்று கேட்டேன். மகள் இரவில் பாடம் பார்த்துவிட்டு தலையணைக்குக் கீழே வைத்தபடி படுத்துவிடுவாள், சார்ஜ் விடியும் வரைக்கும் கிடக்கும் என்றார். தடித்த கவர், பஞ்சுத் தலையணை, இரவு முழுக்கச் சார்ஜ். சூடு போக வழியே இல்லை. கவரைக் கழற்றி மேசையிலோ சீமெந்து நிலத்திலோ வைத்துப் போடச் சொன்னேன். பற்றரியை மாற்றிக் கொடுத்தேன், அதே சார்ஜரைத்தான் திருப்பியும் கொண்டுபோனார்.

இரண்டாவது, நூறிலேயே நிற்பது. பற்றரி நிறைந்திருக்கும்போது ஒவ்வொரு செல்லிலும் வோல்ற்றேஜ் 4.2 முதல் 4.4 வரை போகும். அந்த உச்சத்தில் மணிக்கணக்காக நிற்பதே அதற்குப் பாரம். சூட்டோடு சேர்ந்தால் இன்னும் மோசம். முற்றாக இறக்கி, பிறகு முற்றாக ஏற்றவேண்டும் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது நிக்கல் கட்மியம் பற்றரிக் காலத்துப் புத்திமதி. லிதியத்துக்கு நேர்மாறு: இடையிடையே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது நல்லது, பூச்சியத்துக்குப் போகவிடுவது கூடாது. 2022இல் பங்குனி முடிவில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் இல்லாமல் போனபோது, வந்த கொஞ்ச நேரத்துக்குள் எல்லாவற்றையும் நூறுக்கு ஏற்றிவைக்கும் பழக்கம் பலருக்குத் தொற்றிக்கொண்டது. அன்றைக்கு அது நியாயம். இன்றைக்கு 80இல் கழற்றினாலும் பொழுது போகும். புதிய போன்கள் பலவற்றில் 80 வீதத்தோடு நிறுத்தும் தெரிவே இருக்கிறது. பற்றரிப் பகுதிக்குள் தேடினால் கிடைக்கும்.

ஆனால் இந்த 80 எல்லோருக்கும் பொருந்தாது. ஒட்டுசுட்டான் பக்கமிருந்து வரும் ஒரு ஐயா, பயிர் முற்றும் காலத்தில் யானைக்காவலுக்கு வயல் கொட்டிலில் படுக்கிறவர். போன்தான் அவருக்கு ரோச், அயல் வயல்காரரைக் கூப்பிடும் வழியும் அதுதான். "எண்பதோட கழட்டச் சொல்லுறியள், விடியப்புறம் மூண்டு மணிக்கு ஆனை வந்தா நான் என்ன செய்யிறது?" என்று கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் சரி. அவருக்கு நான் சொன்னது வேறு: நூறுக்கே ஏற்றுங்கள், ஆனால் வயலுக்கு வெளிக்கிடும் நேரத்தில் நிறைகிற மாதிரிப் போடுங்கள். காலையிலேயே நிறைத்துத் தகரத்துக்குக் கீழே பகல் முழுக்க வைத்திருக்க வேண்டாம். பகலில் 50, 60இல் கிடக்கட்டும். ரோச்சுக்குத் தனியாக ஒரு சின்ன லைற் வாங்கினால் போனுக்குப் பாதி வேலை குறையும். அவசரம் இல்லாத நேரத்தில் விரைவுச் சார்ஜரை விட்டு, பழைய 5 வொட் சார்ஜர் நல்லதாக இருந்தால் அதில் ஆறுதலாக ஏற்றுங்கள், சூடு குறையும்.

கழற்றிய பற்றரியைத் தாங்கோ என்று சிலர் கேட்பார்கள், குறிப்பாகப் பெடியள். ஊதிய பற்றரியை நான் கொடுப்பதில்லை. அதைக் குத்தினாலோ மடித்தாலோ தீப்பற்றும். வளவில் குப்பையோடு கொளுத்தினால் வெடித்துத் தெறிக்கும், நச்சுப்புகையும் வரும். வீட்டில் போனின் மூடி எழும்புவதைக் கண்டால் அமர்த்தி மூட வேண்டாம், சார்ஜில் போடவும் வேண்டாம். ஓவ் செய்து, எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, அன்றைக்கே கடைக்குக் கொண்டுவாருங்கள்.