போன வேலையை ஒப்படைத்த கதை

மலேசியாவில், ஜோகூர் லாபிஸ் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் செக்ரோல் கிராணியாக, அதாவது ஆள் வருகையும் கூலியும் பதியும் குமாஸ்தாவாக இருந்தேன். 2023இல், பக்கத்துத் தோட்டத்து ஆபீசோடு எங்கள் ஆபீசையும் சேர்க்கிறார்கள், உங்கள் பதவி இனி இல்லை என்று கடிதம் வந்தது. ஐந்து வருடத்துக்கு மேல் சர்வீஸ் என்பதால் எட்டு வாரம் நோட்டீஸ். அதற்குள் புதிதாக வரும் பையனுக்கு வேலையைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். பதவி இல்லையாம், அதைப் பழக மட்டும் ஆள் வருமாம்! கேட்டவர்கள் எல்லாரும் "ஒண்ணும் சொல்லிக் குடுக்காதே" என்றார்கள்.

நான் அப்படி நினைக்கவில்லை. சம்பளம் 7ஆம் தேதிக்குள் கைக்குப் போக வேண்டும், இபிஎஃப் என்கிற சேமநிதியும் சொக்சோ என்கிற தொழிலாளர் காப்புறுதிச் சந்தாவும் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அது தவறினால் லயத்து (தோட்டக் குடியிருப்பு) ஜனங்கள்தான் அலைவார்கள். அந்தப் பையன் என்ன பாவம் செய்தான்? குளுவாங்கிலிருந்து வந்தவன், முதல் நாளே "அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க" என்று ஆரம்பித்தான்.

கம்ப்யூட்டரை அவனே பிடித்துக்கொண்டான், என்னைவிட வேகம். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் அன்றாட வேலையைக் குறிக்கும் புத்தகத்தில்தான் திணறினான். தோட்டத்தில் காட்டுக்கு, அதாவது மரம் நட்ட ஒவ்வொரு பகுதிக்கும், பெயர் கன்று நட்ட வருடம்தான். 1997இல் நட்ட காட்டை வெட்டி 2021இல் மறுநடவு செய்தாகிவிட்டது, ஆனால் மண்டோர் அண்ணன் இன்னும் பென்சிலில் '97 புல்லு' (97 காட்டில் புல் வேலை) என்றுதான் எழுதுவார். சிஸ்டத்தில் 97 என்று தட்டினால் அந்தக் கூலி காய்க்கிற மரத்துச் செலவில் போய் விழும். இளங்கன்றுச் செலவு தனிக் கணக்கு. மாசக் கடைசியில் துரை (தோட்ட மேனேஜர்) அதைத்தான் முதலில் கேட்பார். மண்டோர் அண்ணனைத் திருத்த முடியாது, அதனால் அவர் எழுதுவது ஒரு பக்கம், சிஸ்டம் கோடு ஒரு பக்கம் என்று ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். பெரட்டில் (காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் இடத்தில்) கூப்பிடும் பெயருக்கும் ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ள பெயருக்கும் அப்படியே இன்னொரு தாள். இந்தோனேசியத் தொழிலாளர்களின் வேலை பெர்மிட் முடியும் தேதிகளை மாத வரிசையில் எழுதினேன். அது ஒன்று தவறினால் ஆள் ஒரே ராத்திரியில் 'கோசோங்', அதாவது பெர்மிட் இல்லாதவன் ஆகிவிடுவான்.

சாவி, பெட்டி கேஷ், ஃபைல் எல்லாவற்றையும் துரை முன்னால் எண்ணிக் காட்டி, பட்டியலில் மூவரும் கையெழுத்துப் போட்டோம். ஒரு நகல் என் பையில். பிறகு யாரும் "அந்தக் காசு எங்கே" என்று கேட்கக்கூடாது இல்லையா.

கடைசி வாரம் மேலிடத்திலிருந்து வந்த பாரத்தில், வேலை முடியும் காரணம் என்ற இடத்தில் 'ராஜினாமா' என்று ஏற்கனவே டிக் போட்டிருந்தது. "சும்மா ஃபார்மாலிட்டிதான்மா" என்றார் கொண்டுவந்தவர். நான் கையெழுத்துப் போடவில்லை. தானாக விலகியவருக்குச் சொக்சோவின் வேலை காப்புறுதிப் பணம் கிடையாது. ஆட்குறைப்பு நஷ்ட ஈடும் போய்விடும். ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தவருக்கு அது வருடத்துக்கு 20 நாள் சம்பளம், சின்னக் காசா? காரணத்தை மாற்றி எழுதி வந்த பிறகுதான் போட்டேன்.

காப்புறுதிக்கு வேலை போன 60 நாளுக்குள் மனுப் போட வேண்டும். நான் அந்த வாரமே ஆன்லைனில் போட்டேன், முதல் மாதத்துக்குச் சம்பளத்தில் 80 விழுக்காடு வந்தது. பதவி இல்லை என்று சொல்லிவிட்டு அதே நாற்காலியில் ஆள் வைத்ததைத் தொழில் உறவு இலாகாவில் கேட்கலாம், அதற்கும் 60 நாள்தான் கெடு என்று சங்கத்து அண்ணன் சொன்னார். வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். நான் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன், சமரசப் பேச்சுக்குக் கூப்பிடுவோம் என்றார்கள்.

பையன் அதற்குப் பிறகும் போன் பண்ணினான். முதல் சம்பளம் முடிகிற வரைக்கும் கேள், அதற்குப் பிறகு துரையைக் கேள் என்று சொல்லிவிட்டேன்.