ரொட்டி வரியும் கடன் கணக்கும்

2024 ஜூன் 25 அன்று கென்யாவின் தலைநகர் நைரோபியில் நாடாளுமன்றத்துக்குள் புகுந்த இளைஞர்களைப் பற்றி வந்த செய்திகள் பெரும்பாலும் தீயையும் துப்பாக்கிச் சூட்டையுமே பேசின. அவர்களைத் தெருவுக்கு இழுத்து வந்த நிதி மசோதாவில் என்ன இருந்தது என்று தேடிப் படித்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. முதல் வரைவில் ரொட்டிக்கு 16 சதவீத மதிப்புக் கூட்டு வரி இருந்தது. எதிர்ப்பு வலுத்ததும் அதை விலக்கிக்கொண்டவர்கள், வேறு பல வரிகளை விடவில்லை.

ரொட்டியில் கை வைக்கும் அளவுக்கு ஓர் அரசுக்கு என்ன நெருக்கடி? கென்யா 2014இல் 6.875 சதவீத வட்டிக்கு விற்ற 200 கோடி டாலர் கடன் பத்திரங்கள் அதே ஜூன் மாதத்தில் முதிர்வடைய இருந்தன. அந்தக் கடனைச் சமாளிக்க பிப்ரவரியிலேயே 150 கோடி டாலருக்குப் புதிய பத்திரம் வெளியிட்டார்கள். இதற்கு வட்டி 9.75 சதவீதம். ஆள்வோரின் ஊதாரித்தனத்தையும் ஊழலையும் நான் மறைக்கவில்லை, போராடியவர்களே அதையும் சேர்த்துத்தான் கேட்டார்கள். ஆனால், வரி வருவாயைக் கூட்ட வேண்டும் என்பது 2021 முதல் கென்யாவுக்குக் கடன் கொடுத்துவந்த சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனையும்கூட.

கென்யாவில் ஆளுக்கு ஒரு வாக்கு. நிதியத்தில் ஒவ்வொரு நாட்டின் பங்குப் பணத்துக்கு ஏற்ற வாக்கு. முக்கிய முடிவுகளுக்கு அங்கே 85 சதவீத ஆதரவு வேண்டும், அமெரிக்காவிடம் மட்டும் ஏறக்குறைய 16.5 சதவீதம் இருக்கிறது, ஆகவே அந்த ஒரு நாடு தலையசைக்காமல் அத்தகைய முடிவு எதுவும் நகராது. கொரோனா காலத்தில், 2021இல், 65,000 கோடி டாலர் மதிப்புள்ள சிறப்பு எடுப்புரிமைகளை (உறுப்பு நாடுகள் டாலர் போன்ற நாணயமாக மாற்றிக்கொள்ளக்கூடிய கையிருப்பை) நிதியம் பகிர்ந்தபோதும் அளவுகோல் இதே பங்குக் கணக்குதான்: ஆப்பிரிக்கா முழுவதற்கும் கிடைத்தது சுமார் 3,300 கோடி. தேவை அதிகம் இருந்த இடத்துக்குக் குறைவாகப் போய்ச் சேர்வதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

ஜூன் 26 அன்று அதிபர் ரூட்டோ மசோதாவில் கையெழுத்திட மாட்டேன் என்று அறிவித்தார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மக்களின் குரலுக்கு அரசு பணிந்ததால் இனி வருவாயைக் கூட்டும் திறன் அதற்குக் குறைந்துவிட்டது என்று கணித்த மூடிஸ் என்ற கடன் தர மதிப்பீட்டு நிறுவனம், ஜூலை 8 அன்று கென்யாவின் கடன் தரத்தை ஒரு படி இறக்கியது.