அழைப்பு மணி

கனடாவில் என் சான்றிதழுக்கு முதலில் குறுக்கே நின்றது இடது தோளில் இருக்கிற தழும்பு. பிறந்த கையோடு ஆசுப்பத்திரியில் காசநோய்க்கெதிராகப் போட்டுவிட்ட பி.சி.ஜி. ஊசியின் தழும்பு. இலங்கையில் பிறந்த அநேகமான ஆட்களின் தோளில் அது இருக்கும்.

பி.எஸ்.டபிள்யூ., அதாவது ஏலாதவர்களைப் பராமரிக்கிற பணியாளர் படிப்புக்குச் சேர்ந்தால் முதியோர் இல்லத்தில் பயிற்சிக்குப் போகவேண்டும். அதற்கு முன்னம் காசநோய்ச் சோதனை. முன்கையில் தோலுக்கடியில் ஒரு துளி மருந்தை ஏற்றி, இரண்டு மூன்று நாளில் வீங்கியிருக்கிறதா என்று அளந்து பார்ப்பார்கள். எனக்கு வீங்கிவிட்டது. பி.சி.ஜி. போட்டவர்கள் சிலருக்கு நோய் இல்லாமலே இப்படி வரும் என்று டொக்டர் சொன்னார். ஆனாலும் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக் கடிதம் வாங்கிக் கொடுக்கும்வரை ஃபைல் அசையவில்லை.

அடுத்தது தடுப்பூசி அட்டை. சின்னமுத்து, கொப்புளிப்பான், ஹெபடைடிஸ் பி எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டும். என் அட்டை வீட்டு றங்குப் பெட்டிக்குள் இருந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்க, யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பிச் சாவகச்சேரிப் பக்கம் நடந்தபோது அந்தப் பெட்டியைத் தூக்க எங்களிடம் கை இருக்கவில்லை. இதைக் கொலிஜ் அலுவலகத்தில் இருந்த பிள்ளைக்கு எப்படி விளங்கப்படுத்துவது? "லொஸ்ற்" என்று மட்டும் சொன்னேன். இரத்தம் எடுத்து எதிர்ப்புச் சக்தியைப் பார்த்தார்கள். அட்டை தொலைந்தாலும் உடம்பு மறக்கவில்லை. ஹெபடைடிஸுக்கு மட்டும் ஊசி போடவேண்டி வந்தது.

இவ்வளவும் இருக்க, பொலிஸ் சான்றிதழ் வேறு. சாதாரணமானது போதாது. முதியவர்கள், பிள்ளைகள் போன்ற நலிந்தவர்களோடு வேலை செய்யத் தகுந்தவரா என்று பார்க்கிற தனிச் சோதனை அது. முதலுதவி, சி.பி.ஆர்., என்95 முகக்கவசம் முகத்துக்குப் பொருந்துகிறதா என்ற சோதனை. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பாடம் தொடங்கமுதல் இந்தக் கடதாசி வேலையைத் தொடங்குங்கோ. படிப்பில் தவறியவர்களைவிடக் கடதாசி பிந்திப் பயிற்சியைத் தவறவிட்டவர்கள்தான் எங்கள் வகுப்பில் கூட.

நான் இதற்குள் வந்தது ஆசைப்பட்டு இல்லை. ஊரில் முன்பள்ளி ஆசிரியை. 2012இல் இங்கே வந்து ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பக்டரியில் பத்து வருடம் பெட்டி அடுக்கினேன். 2022இல் அந்த இடத்தை மூடிவிட்டார்கள். வேலை இழந்தவர்கள் புதிதாக ஒன்றைப் படிக்க 'பெற்றர் ஜொப்ஸ் ஒன்ராறியோ' என்ற அரசாங்கத் திட்டத்தில் காசு தருவார்கள் என்று வேலைவாய்ப்பு நிலையத்தில் சொன்னார்கள். எதைப் படிப்பது என்ற கேள்விக்கு இவர்தான் பதில் சொன்னார்: "அம்மாவை மூண்டு வருசம் பாத்தனீர்தானே. உமக்குத் தெரியாததே?"

உண்மை. மாமிக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபிறகு குளிப்பாட்டினது, தீத்தினது, துடைச்சது எல்லாம் நான்தான். சத்தம் சரியாக வராது. ஏதும் தேவையென்றால் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்த மூக்குப்பேணியில் கரண்டியால் தட்டுவா. டிங் டிங் என்று கேட்கும். மூன்று வருடம் அந்தச் சத்தத்தோடு வாழ்ந்தவளுக்கு இந்தக் கோர்ஸ் என்ன பெரிசு என்று நானும் நினைத்தேன்.

முதலில் ஒரு கள்ளக் கதவைத் தட்டினேன். பிளாசா ஒன்றில், கடைக்கு மேலே இரண்டு அறை. நாலு மாதத்தில் முடித்துத் தருவோம், பயிற்சி இடமும் நாங்களே எடுத்துத் தருவோம் என்றார்கள். நம்பி முற்பணம் கட்டினேன். ஒவ்வொரு மாதமும் தொடக்கத் திகதி அடுத்த மாதத்துக்குப் போனது. பிறகுதான் அறிந்தேன், ஒன்ராறியோவில் தனியார் கொலிஜ் பதிவு செய்திருந்தால் மட்டும் போதாது. அவர்கள் நடத்துகிற ஒவ்வொரு பாடநெறிக்கும் தனித்தனியாக அனுமதி இருக்கவேண்டும், அதை மாகாண அரசின் இணையத்தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. கட்டின காசு திரும்பி வரவில்லை. ஆறுதலுக்குச் சொன்னால், மேசையில் இருந்தவர் நல்ல தமிழில்தான் ஏமாற்றினார்.

இந்தப் படிப்பை மூன்று இடத்தில் படிக்கலாம். அரசாங்கக் கொலிஜ்கள், அனுமதி பெற்ற தனியார் கொலிஜ்கள், கல்விச் சபைகள் நடத்துகிற வளர்ந்தோர் பாடசாலைகள். 2021இல் கொரோனா நேரம் மாகாண அரசு 115 மில்லியன் டொலர் ஒதுக்கி, அரசாங்கக் கொலிஜ்களில் 8,200 பேர்வரை இலவசமாகப் படிக்க வழிவிட்டது. அந்த அலையில் ஏறினவர்கள் கெட்டிக்காரர். நான் பிந்திவிட்டேன். 2023இல் அனுமதியுள்ள ஒரு தனியார் கொலிஜில் இருந்தேன். கிட்டத்தட்ட 700 மணித்தியாலப் படிப்பு, அதில் பாதியளவு பயிற்சி.

அந்த ஆடியில்தான் ஸ்காபரோ ஆர்.ரி. ரயிலின் கடைசிப் பெட்டி தண்டவாளம் விட்டிறங்கியது. ஜூலை 24. அதோடு அந்த ரயிலே நின்றுபோய்விட்டது. அதற்குப் பிறகு எல்லாம் பஸ்தான். ஆறரைக்குத் தொடங்கவேண்டிய பயணம் அஞ்சே முக்காலுக்குத் தொடங்கும். மடியில் புத்தகம், பையில் புட்டு.

வகுப்பில் முதல் வாரம் ஐந்து எழுத்தைக் கரும்பலகையில் எழுதினா ஆசிரியை. அவ ஒரு பிலிப்பினோ நேர்ஸ். டிப்ஸ் (DIPPS). மரியாதை, தன்னால் செய்யக்கூடியதைத் தானே செய்தல், விருப்பம், அந்தரங்கம், பாதுகாப்பு. பரீட்சையில் வரும், பாடமாக்கிவிட்டேன். இரண்டாவதுதான் எனக்குப் பிடிபடவேயில்லை. ஏலாத ஆளைத் தானே செய்ய விடுவதா? எங்கள் ஊரில் அதற்குப் பெயர் கவனிக்காமல் விடுவது. சட்டைப் பொத்தானை அவர் மூன்று நிமிடம் தடவிப் போடுகிறார் என்றால் நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். என் விரல்கள் தானாகவே எழும்பிப் போகும். ஆசிரியை தூரத்திலிருந்து, "கையைப் பின்னாலை வை" என்பா. முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் சொன்ன அதே வசனம்.

மற்றவை எல்லாம் கைப்பழக்கம். உடுப்புப் போடும்போது ஏலாத கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். ஊன்றுகோல் நல்ல பக்கத்தில். கண்ணைத் துடைக்கும்போது மூக்குப் பக்கமிருந்து வெளியே, ஒவ்வொரு கண்ணுக்கும் துணியின் வேறு வேறு பக்கம், சோப் இல்லாமல். சாப்பாடு கொடுக்கும்போது ஆள் நிமிர்ந்து இருக்கவேண்டும், நாங்கள் நிற்காமல் பக்கத்தில் இருந்து கொடுக்கவேண்டும், முடிந்தபிறகும் அரை மணித்தியாலம் சரிக்கக்கூடாது. மாமிக்கு நான் சரித்து வைத்துத்தான் தீத்தினேன். புரைக்கேறும்போது உச்சியில் தட்டினேன். அந்தப் பாடத்தன்று மத்தியானம் புட்டு இறங்கவில்லை.

ஆளைத் தூக்குகிற லிஃப்ற் என்ற இயந்திரம் ஒன்று இருக்கிறது. ஆளுக்கடியில் துணித் தொட்டில் போல ஸ்லிங்கைச் செருகி, கொக்கிகளில் மாட்டி, பொத்தானை அமத்த ஆள் மெல்ல மேலே எழும்புவார். எப்போதும் இரண்டு பேர். ஒருவருக்கொருவர் மாறி மாறி அதில் தொங்கிப் பார்க்கச் சொன்னார்கள். காற்றில் கால் ஆடும்போது எனக்கு வயிற்றைக் கலக்கின பயத்தை நினைத்தால், இப்போது யாரையும் அதில் ஏற்றும்போது வாய் பேசாமல் இருக்கமாட்டேன்.

செய்முறைச் சோதனை நாள். பொம்மைக்குப் படுக்கைக் குளிப்பு. கதவைத் தட்டினேன், என் பெயர் சொன்னேன், செய்யப்போவதைச் சொன்னேன், கைகழுவினேன், திரை இழுத்தேன், முகம் தொடங்கிப் பாதம்வரை ஒரு பிழையில்லை. கட்டிலைப் பதித்தேன். திரும்பக் கைகழுவினேன். மாமியைப் பார்த்த அனுபவம் பேசுது என்று உள்ளுக்குள் ஒரு பெருமை.

"திரும்பச் செய்யவேண்டும்" என்றா ஆசிரியை.

அழைப்பு மணியை நான் பொம்மையின் கைக்கு எட்ட வைக்கவில்லை. குளிப்பாட்ட இடைஞ்சல் என்று எடுத்து மேசையில் வைத்தது அங்கேயே கிடந்தது. ஒரு மணிக்காகவா என்று நினைத்தேன். முகத்தில் தெரிந்திருக்கும். "நீ போனபிறகு அவளுக்கு இருக்கிறது அது ஒன்றுதான்" என்றா.

பஸ்ஸில் வரும்போது அழுதேன். தவறினதுக்கு இல்லை. மாமி இருந்த கடைசி வருடம், சில இரவுகளில் கரண்டியை எடுத்துச் சமையலறையில் வைத்துவிட்டுப் படுத்திருக்கிறேன். காலையில் பள்ளிக்கூடம் போகவேண்டும், பிள்ளைக்குப் பால் கொடுக்கவேண்டும், நித்திரை வேண்டும். இவர் கொழும்பில். தட்டுகிற சத்தம் இல்லாத இரவு எவ்வளவு சுகமாக இருந்தது என்பது எனக்கு இன்னும் ஞாபகம். இதை இவருக்கு இன்றுவரை சொல்லவில்லை.

அடுத்த கிழமை திரும்பச் செய்து சித்தியடைந்தேன்.

பயிற்சிக்குப் போன இல்லத்தைப் பற்றிப் பெயர் சொல்லி எழுதமுடியாது. அங்கே இருந்தவர்களின் அடையாளங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன், அதுவும் படித்த பாடம். அங்கே முதலில் திணறியது குறிப்பு எழுதுவதில். 'கோபமாக இருந்தா' என்று எழுதினேன். வெட்டிவிட்டார்கள். கோபம் என்பது என் முடிவாம். 'சத்தம் போட்டா, என் கையைத் தள்ளினா' என்று கண்டதை எழுதவேண்டும். இன்னொன்று, மலம். யார் போனார்கள், எவ்வளவு, எப்படி என்று ஒவ்வொரு ஷிஃப்ற்றிலும் ரப்லெற்றில் பதியவேண்டும், நாள் தள்ளிப்போனால் நேர்ஸ் கேட்பா. ஊருக்குப் போன் எடுத்தால், "ஆசுப்பத்திரியிலை வேலை" என்று சொல்லிவிட்டு மற்றக் கதைக்குப் போய்விடுகிறவள் நான். அந்த வேலை என்னவென்று அக்காவுக்குத் தெரியும், அக்கா கேட்கமாட்டா.

எங்கள் தளத்தில் ஒரு தமிழ் அம்மா இருந்தா. மறதி நோய். பின்னேரமானால் வீட்டுக்குப் போகவேண்டும் என்று கதவடிக்கு வந்துவிடுவா. தமிழ்ப் பிள்ளை வந்திருக்கு, இனிப் பிரச்சினை இல்லை என்று எல்லோருக்கும் சந்தோசம், எனக்கும்தான். முதல் நாள் கழுவப் போனேன். என்னை மேலும் கீழும் பார்த்தா.

"நீ எந்த ஊர்?"

சொன்னேன்.

"ஊரிலை எவடம்? ஆற்றை பிள்ளை?"

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று தெரியும். என் கையில் ஈரத் துணி. அவவின் பெயரே அவவுக்கு மறந்துபோகும், இது மறக்கவில்லை. நான் பதில் சொல்ல முன்னம், "அந்தப் பிள்ளையை வரச் சொல்லு" என்று பிலிப்பினோப் பெண்ணைக் காட்டினா. அவளிடம் ஒரு மறுப்பும் இல்லாமல் காலைத் தூக்கிக் கொடுத்தா.

ஆத்திரம் வந்தது. வெளியே வந்து நின்றபோது வேறொன்றும் தோன்றியது. ஊர் தெரிந்தவள் முன்னால் உடுப்பில்லாமல் கிடப்பது எனக்கு முடியுமா? சாதியா, வெட்கமா, இரண்டும் சேர்ந்ததா, நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. குறிப்பில் எழுதினேன்: 'பராமரிப்பை மறுத்தா. வேறு பணியாளரைக் கேட்டா.'

பயிற்சி முடிய, தனியார் கொலிஜ் மாணவர் எழுதுகிற பொதுப் பரீட்சை. விடை தெரிவுசெய்கிற வகை. கேள்விகள் பாதி ஒரே மாதிரி: முதலில் என்ன செய்வீர்கள்? நான்கு விடையும் சரி போலத்தான் இருக்கும். எந்த விடையில் ஆளிடம் கேட்கிறார்களோ, அநேகமாக அதுதான் சரி. சித்தியடைந்தேன்.

"லைசன்ஸ் கிடைச்சிட்டுதோ?" என்று கோயிலில் கேட்பார்கள். நேர்ஸ்மாருக்குப் போல கட்டாய உரிமம் இதற்கு இல்லை. படித்த இடம் தருகிற சான்றிதழ்தான். 2024 டிசம்பரில் பி.எஸ்.டபிள்யூ.க்களுக்கென மாகாணம் ஒரு மேற்பார்வை ஆணையத்தின் பதிவைத் தொடங்கியது. விரும்பினவர்கள் பதியலாம், பதிந்தவர் பெயரை யாரும் தேடிப் பார்க்கலாம். நான் பதிந்தேன். முறைப்பாடு வந்தால் விசாரிப்பார்கள், ஏன் தேடிப்போய்த் தலையைக் கொடுக்கிறாய் என்றாள் மச்சாள். என் பெயர் ஒரு பட்டியலில் ஒழுங்காக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். சம்பளத்தைப் பற்றியும் கேட்பார்கள். கொரோனாக் காலத்தில் கூட்டின மணிக்கு 3 டொலரை 2022இல் நிரந்தரமாக்கினதால் பக்டரியைவிடப் பரவாயில்லை. ஆனால் முழுநேர வேலை உடனே வராது. கூப்பிட்டால் ஓடுகிற கஷுவல்தான், ஒரு வருடம் போன் தலைமாட்டில்.

பயிற்சி எடுத்த இல்லத்திலேயே வேலை கிடைத்தது. தமிழ் அம்மா இப்போதும் இருக்கிறா. ஒவ்வொரு காலையும் நான் அவவுக்குப் புது ஆள், ஒவ்வொரு காலையும் அதே கேள்வி. உண்மையைச் சொல்லிக் களைத்து, ஒரு நாள் அளவெட்டி என்றேன். மறுநாள் கரவெட்டி. பிறகு கொக்குவில், நெடுந்தீவு. எல்லா ஊரிலும் அவவுக்கு ஆட்கள் இருக்கிறார்கள், சிலபேரோடு கோபம். அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினால் முகம் கழுவ விடுவா. மிச்சத்துக்குப் பிலிப்பினோப் பிள்ளை வேண்டும்.

போன கிழமை மட்டக்களப்பு என்றேன். கதை வரவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. நான் துணியைப் பிழிந்து வைத்து, கட்டிலைப் பதித்து, மணியை எடுத்து நல்ல கைக்குள் வைத்தேன். விரல்களை மூடிக்கொண்டு கேட்டா:

"அவ்வளவு தூரமோ? பஸ்ஸிலையோ வந்தனி?"