பழைய டிரம் செட் வாங்கிய அனுபவம்

மகள் டிரம்ஸ் வகுப்பில் சேர்ந்தபோதே அவளுடைய மாஸ்டர் சொல்லிவிட்டார்: "இப்போதைக்கு ஒரு ஜோடி ஸ்டிக்கும் ரப்பர் பேடும் போதும் சார். கை பழகட்டும், அப்புறம் செட் பற்றிப் பேசலாம்." வகுப்பு புதுச்சேரி லாஸ்பேட்டையில், நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பம். ஒரு வருடத்துக்கு மேல் அவள் சலிக்காமல் பேடைத் தட்டிய பிறகுதான் வாங்கும் பேச்சே வந்தது.

எலக்ட்ரானிக் செட் வாங்கினால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிக்கலாம், பக்கத்து வீட்டுக்குக் கேட்காது என்பார்கள். அது பாதிதான் உண்மை. கைச்சத்தம் குறையும், ஆனால் கால் பெடலின் அதிர்வு தரை வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும். மாடியில் குடியிருப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும். எங்களுடையது தனி வீடு. அவள் வாசிக்க ஆசைப்படுவதும் கோயில் பாடகர் குழுவில். அங்கே இருப்பது நிஜ டிரம்ஸ்தான். அதனால் அதையே தேட ஆரம்பித்தோம்.

கடையில் 'ஃபைவ் பீஸ்' என்று சொன்னால் அது டிரம்களின் எண்ணிக்கை மட்டும். வழக்கமாகக் காலால் மிதித்து அடிக்கும் 22 அங்குல பேஸ், அடியில் கம்பிச் சுருள் உள்ள 14 அங்குல ஸ்னேர், மேலே டாம் என்னும் சிறிய டிரம் இரண்டு, கீழே தரையில் நிற்கும் 16 அங்குல ஃப்ளோர் டாம். சிம்பல், அதாவது ஸ்டாண்டில் மாட்டித் தட்டும் உலோகத் தட்டு, அதில் சேராது. ஸ்டூல்கூடப் பல விலைகளில் அடங்காது. 'எல்லாம் சேர்த்து இந்த விலை' என்று தரும் செட்களில் சிம்பல் பெரும்பாலும் பித்தளையாக இருக்கும்.

மாஸ்டர் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது இந்த இடத்தைத்தான். சுமாரான டிரம்முக்குப் புதுத் தோல் போட்டு நன்றாகச் சுருதி சேர்த்தால் தேறிவிடும். மோசமான சிம்பலை எவராலும் சுருதி சேர்க்க முடியாது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். தட்டினால் 'டங்' என்று தகரம் மாதிரி ஒலித்து அடங்கிவிடும். அடுத்த படி பி8, அதாவது 8 சதவீதம் வெள்ளீயம் கலந்த வெண்கலம். அதற்கும் மேல் 20 சதவீத வெள்ளீயம் உள்ள பி20. நம் கோயில் மணி வார்க்கும் உலோகமும் ஏறக்குறைய இந்தக் கலவைதான். ஜில்ஜியன், சபியன் போன்ற நிறுவனங்களின் உயர்ரகச் சிம்பல்கள் பெரும்பாலும் பி20. ஒரே நிறுவனம் பித்தளையிலும் செய்து விற்பதால் பெயரை மட்டும் நம்பி வாங்கக்கூடாது.

ஆகவே டிரம்களைப் பழையதாக வாங்கி, மிச்சப்படும் பணத்தைச் சிம்பலில் போடுவது என்று முடிவு செய்தோம். இந்தப் பக்கத்தில் பழைய செட் கிடைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் பலர் எலக்ட்ரானிக் பேடுக்கு மாறிவிட்டார்கள். அதைக் கையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில்கூடப் போகலாம். முத்தியால்பேட்டையில் அப்படி ஒருவர் தன் செட்டை விற்பதாக மாஸ்டர் மூலம் தெரிந்தது.

"அண்ணே, தோலைக் கழற்றிப் பார்க்கலாமா?" என்று கேட்டதும் அவர் தயங்காமல் டியூனிங் கீயை எடுத்துக் கொடுத்தார். அப்போதே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. டாமின் தோலைக் கழற்றி, அவர் வீட்டுச் சமையல் மேடைக் கிரானைட்டில் கவிழ்த்து வைத்து, உள்ளே செல்போன் டார்ச்சைப் போட்டு விளக்கை அணைத்தோம். விளிம்பு சமமாக இருந்தால் வெளிச்சம் கசியாது. சமமில்லாத விளிம்பில் எந்தத் தோலும் சுருதியில் நிற்காது. பிறகு ஒவ்வொரு திருகையும் சுற்றிப் பார்த்தோம். கடலோர ஊரில் முதலில் போவது இதுதான். குரோம் பளபளவென்று இருக்கும், மரை உள்ளே துரு ஏறி இறுகியிருக்கும். இரண்டு திருகு அசையவே இல்லை. ஸ்னேரின் அடியில் உள்ள கம்பிச் சுருளும் அதை ஏற்றி இறக்கும் லீவரும் சரியாக இருந்தன. பெடலை மகளே உட்கார்ந்து மிதித்துப் பார்த்து, "ஓகேப்பா" என்றாள்.

சிம்பலின் விளிம்பை நகத்தால் ஒரு சுற்று தடவினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூடத் தட்டுப்படும். அவ்வப்போது ஓங்கி அடிக்கும் சிம்பலான கிராஷில் ஒன்று தட்டுப்பட்டது. தொடர்ந்து தாளம் தட்டும் பெரிய சிம்பலான ரைடில் விரிசல் இல்லை, ஆனால் பித்தளை. காலால் மூடித் திறக்கும் ஜோடிச் சிம்பலான ஹை-ஹேட்டின் நடுத்துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. பிளாஸ்டிக் உறை இல்லாமல் ஸ்டாண்டில் மாட்டினால் அப்படித்தான் ஆகும். இதையெல்லாம் மறைக்காமல் சொல்லிப் பேசியதில் 25,000 ரூபாய் கேட்டவர் 19,000க்கு இறங்கினார். அந்த இரண்டு திருகுகளை எண்ணெய் விட்டுத் தானே எடுத்துத் தருவதாகவும் சொன்னார், எடுத்தும் கொடுத்தார்.

குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு வந்தோம். புதுச்சேரியிலிருந்து கடலூருக்குள் பெரிய பெட்டியோடு வந்தால் ஆல்பேட்டை மதுவிலக்குச் சோதனைச் சாவடியில் என்ன கேட்பார்கள் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேஸ் டிரம்மை ஆட்டிப் பார்த்த காவலர் உள்ளே என்ன என்றார். ஒலியை அடக்கத் தலையணை வைத்திருக்கிறது என்றேன். முன்தோலில் இருந்த ஓட்டை வழியாகக் கையை விட்டுப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே போகச் சொன்னார்.

வீட்டில் முதல் வேலையாகத் தோல்களை மாற்றினோம். எல்லோரும் மேல்தோலை மட்டும் மாற்றுவார்கள்; அடித்தோலும் ஆண்டுக்கணக்கில் தொய்ந்துதான் கிடக்கும். கையால் மாட்டி, எதிரெதிர்த் திருகுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். அடியில் கனமான ரப்பர் மேட், காதுக்கு இயர்பிளக். மூடிய அறையில் டிரம்ஸ் ஒலி 100 டெசிபலைச் சுலபமாகத் தாண்டும். இந்த ஒன்றில் மகளிடம் பேரமே கிடையாது. உப்புக்காற்றுக்காகத் திருகுகளில் லேசாக எண்ணெய் தடவி, வாசிக்காத நேரத்தில் பழைய போர்வையால் மூடி வைக்கிறோம்.

மிச்சப் பணத்தில் 14 அங்குல பி8 ஹை-ஹேட் ஒரு ஜோடி வாங்கியாயிற்று. எந்தப் பாட்டிலும் அதிகம் அடிபடுவது அதுதான் என்பதால் அதற்கு முதலிடம். விரிசல் விட்ட கிராஷைக் கழற்றி வைத்துவிட்டோம். ரைடு இன்னும் பித்தளையில்தான் ஓடுகிறது, போனஸ் வரும்வரை ஓடும்.