கண்ணாடிக்கு இப்பால்

2013ஆம் ஆண்டு டோக்கியோவின் சுகிஜி மீன் சந்தையில் நான் எடுத்த புகைப்படங்களில் ஒன்றை இதுவரை யாருக்கும் காட்டியதில்லை. கழுத்தில் துண்டைச் சுற்றிய ஒரு தொழிலாளி, அங்கே ‘தாரே’ என்று அழைக்கப்படும் மூன்று சக்கர வண்டியை நின்றபடியே ஓட்டிக்கொண்டு நேராக என்னை நோக்கி வருகிறார். படத்தில் அவருடைய உடல் ஏற்கெனவே பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. அடுத்த நொடியில் வண்டி குலுங்கி நின்றது. அடுக்கின் மேலே இருந்த தெர்மாகோல் பெட்டி சரிந்து விழுந்து, ஈரமான கல் தரையில் பனிக்கட்டியும் நாலைந்து கானாங்கெளுத்தி மீன்களும் சிதறின. அவர் இறங்கி, மீன்களைப் பொறுக்கி, இரு கைகளாலும் பனிக்கட்டியை அள்ளிப்போட்டுவிட்டு, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சென்றுவிட்டார். அவர் திட்டியிருந்தால் இவ்வளவு நாள் நினைவில் இருந்திருக்காது.

அந்த நேரத்தில் நான் அங்கே இருந்திருக்கவே கூடாது. மொத்த வியாபாரப் பகுதிக்குள் பொதுமக்கள் காலை 9 மணிக்குப் பிறகே வர வேண்டும் என்ற அறிவிப்பைப் படித்துவிட்டுத்தான், ஒரு மனிதனால் என்ன ஆகிவிடப்போகிறது என்ற நினைப்பில் ஏழரை மணிக்கே உள்ளே நுழைந்திருந்தேன். அந்த ‘ஒரு மனிதன்’ அன்று காலை என்னைப் போல் இன்னும் எத்தனை பேரோ!

பயணிகளாகிய நாம் மீன் சந்தை என்றதும் வண்ணத்தையும் சத்தத்தையும் நினைக்கிறோம். அங்கே வேலை செய்பவர்களுக்கு அது நேரத்தோடு நடத்தும் போட்டி. அதிகாலை ஏலத்தில் வாங்கிய மீனை இடைநிலை வியாபாரி தன் கடைக்குக் கொண்டுபோய் வெட்டிப் பிரிக்க வேண்டும். உணவகங்களுக்கு வாங்க வருபவர்கள் அதைப் பார்த்துப் பேரம் முடித்துத் தங்கள் வாகனத்தில் ஏற்ற வேண்டும். மதிய உணவுக்குள் அது சமையல் மேடைக்குப் போய்ச்சேர வேண்டும். இந்தச் சங்கிலியில் ஓர் ஒடுக்கமான நடைபாதையில் அரை நிமிடம் நிற்பது, பின்னால் வரும் நான்கைந்து வண்டிகளையும் நிறுத்திவைப்பதற்குச் சமம்.

நானூறு ஆண்டுப் பழக்கம் அந்த வேகத்துக்குப் பின்னால் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிஹோன்பாஷிப் பாலத்தருகே, அன்றைய ராணுவ ஆட்சியாளரான ஷோகுனின் கோட்டைக்குக் கொடுத்ததுபோக மிஞ்சிய மீனை ஊராருக்கு விற்பதாகத் தொடங்கிய சந்தை, 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அழிந்தது. அதன்பின் 1935இல் சுகிஜியில் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. சரக்கு ரயில் உள்ளேயே வந்து திரும்புவதற்காக அக்கட்டடத்தை விசிறிபோல் வளைத்துக் கட்டியிருந்தார்கள். மீன் தங்குதடையின்றி நகர வேண்டும் என்பதுதான் அந்த வளைவின் பொருள். சுற்றுலாப் பயணி நிற்பதற்கான இடம் அந்த வரைபடத்தில் எங்குமே இல்லை.

ஆனாலும் நாம் வந்தோம். ஏலம் நடக்கும்போது பளிச்சென்று ஒளி அடித்துப் படம் எடுத்தவர்கள், மீனைத் தொட்டுப் பார்த்தவர்கள், உறைந்த சூரை மீனின் தலையை நக்கிப் பார்த்தவர் என்றெல்லாம் செய்திகள் வந்தன. 2008 டிசம்பரிலும் 2010 ஏப்ரலிலும் சூரை ஏலத்தைப் பார்க்கப் பார்வையாளர்களுக்குத் தற்காலிகத் தடை விதிக்கப்பட்டது. பின்னர், நாளொன்றுக்கு 120 பேர் மட்டும், இரண்டு பிரிவுகளாக, அடையாள மேலங்கி அணிந்து பார்க்கலாம் என்ற ஏற்பாடு நடைமுறையில் இருந்தது. ஏலத்தில் வாங்குபவர்கள் வாயால் விலை சொல்வதில்லை. விரல்களை மடக்கியும் விரித்தும் காட்டும் ‘தெயாரி’ என்ற கைச்சைகையால் சொல்கிறார்கள். சில நொடிகளில் ஒரு மீனின் ஏலம் முடிந்துவிடும் இடத்தில், கண்ணைக் கூசவைக்கும் ஒரு வெளிச்சம் ஒருவருடைய அன்றைய வியாபாரத்தையே கெடுத்துவிடக்கூடும்.

2018 அக்டோபர் 11 அன்று சந்தை சுகிஜியை விட்டு, டோக்கியோவிலேயே உள்ள தொயோசு பகுதியின் புதிய வளாகத்தில் செயல்படத் தொடங்கியது. சென்ற ஆண்டு அங்கே போனேன். தொயோசுவைப் பற்றிப் பயணிகள் கூறும் குறை ஒன்றுதான்: எல்லாமே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது, உயிரோட்டம் போய்விட்டது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். வெப்பநிலையையும் தூய்மையையும் காப்பதற்காக மூடிக் கட்டிய கூடம் அது என்பது உண்மை. ஆனால் அந்தக் கண்ணாடியில் நம் பங்கும் கொஞ்சம் இருக்கிறது என்பதை, சரிந்து விழுந்த அந்தப் பெட்டியை நினைத்தபடியே ஒப்புக்கொண்டேன்.

ஒப்புக்கொண்ட பிறகு, பார்ப்பதற்கு எவ்வளவோ இருந்தது. மீன் சதையின் சிவப்பு நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கூடத்தின் தரைக்குப் பச்சை வண்ணம் பூசியிருக்கிறார்கள். அதன்மேல் சூரை மீன்கள் வரிசையாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் வாலும் வெட்டப்பட்டு, வெட்டுமுகம் வட்டமாகத் தெரிகிறது. தொப்பியில் உரிம எண் தகடு பொருத்திய ஒருவர் குந்தி உட்கார்ந்து, கைவிளக்கை அந்த வெட்டுமுகத்தின் அருகே பிடித்து, துளியளவு சதையைக் கிள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்துத் தேய்த்தார். கொழுப்பு எவ்வளவு என்பதை அந்தப் பிசுபிசுப்பே சொல்லிவிடும். தேய்த்த விரலை ஒருகணம் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, கால்சட்டையில் துடைத்துக்கொண்டு அடுத்த மீனுக்கு நகர்ந்தார். அப்படி ஏழெட்டு மீன்கள். பிறகு கைமணி ஒலிக்க, ஏலம் விடுபவர் தோளைக் குலுக்கியபடி பாட்டாகவே விலையைச் சொல்லத் தொடங்கினார். சுகிஜியில் வழிமறித்துக்கொண்டு நின்ற காலத்தில் இதில் ஒன்றைக்கூட நான் கவனிக்கவில்லை, ஏனென்றால் அப்போது என் கவனம் முழுவதும் கேமராவில் இருந்தது.

கூடத்தின் மட்டத்திலேயே அமைந்த பார்வை மேடைக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துக் குலுக்கலில் இடம் பெற வேண்டும். குலுக்கலில் கிடைக்காதவர்கள் மேல்தளக் காட்சிக்கூடத்திலிருந்து, முன்பதிவு ஏதுமின்றி, பெரிய கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். ஏலம் அதிகாலை 5.30 மணியளவில் தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பல புதன்கிழமைகளிலும் சந்தைக்கு விடுமுறை என்பதால் நாட்காட்டியைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

ஏலமும் மொத்த வியாபாரமும் நடந்த சுகிஜியின் உட்சந்தை போய்விட்டாலும், சில்லறைக் கடைகள் நிறைந்த வெளிச்சந்தை பழைய இடத்திலேயே இருக்கிறது. அங்கே தொழில்முறையாக வாங்குபவர்களுக்கு வழிவிட்டு, பொதுமக்கள் 9 மணிக்குப் பிறகு வரும்படி கேட்டுக்கொள்கிறார்கள். இந்த முறை 9.10க்குப் போனேன். நடந்துகொண்டே சாப்பிட வேண்டாம் என்பதும் அங்கே வைக்கப்படும் வேண்டுகோள். வாங்கிய கடையின் முன்னாலேயே நின்று தின்று, குச்சியையும் தட்டையும் அவர்களிடமே கொடுத்துவிட வேண்டும். ஆட்களைப் படம் எடுப்பதற்கு முன் கேட்க வேண்டும். வாங்கும் எண்ணமில்லாமல் கடை முகப்பை மறைத்து நிற்பதைவிட, ஒரு துண்டு முட்டை ஆம்லெட்டாவது வாங்கிவிட்டு நின்று பார்ப்பது மரியாதை.

என்ன தின்கிறோம் என்பதையும் இதில் சேர்த்தே யோசிக்கிறேன். பசிபிக் நீலத்துடுப்புச் சூரையின் முட்டையிடும் இருப்பு, அதாவது இனப்பெருக்கம் செய்யக்கூடிய வளர்ந்த மீன்களின் மொத்த எடை, 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில், மீன்பிடியே இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவில் சுமார் 2 விழுக்காடாகச் சரிந்திருந்தது. குஞ்சு மீன் பிடிப்பைப் பாதியாகக் குறைத்தது முதலான கட்டுப்பாடுகளுக்குப் பிறகு அது 20 விழுக்காட்டைத் தாண்டி மீண்டிருக்கிறது என்பது 2024ஆம் ஆண்டு மதிப்பீடு. 2019 புத்தாண்டு ஏலத்தில் 278 கிலோ எடையுள்ள ஒரு சூரை 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போனதைப் பேசுகிற அளவுக்கு இந்த மீட்சியை யாரும் பேசுவதில்லை. நான் அன்று சூரை கேட்கவில்லை. அந்தப் பருவத்தில் என்ன நன்றாகக் கிடைக்கிறது என்று கடைக்காரரிடமே கேட்டு, அவர் கொடுத்த மத்தி மீனைத் தின்றேன்.

கிளம்பும்போது, வெளிச்சந்தையை ஒட்டியிருக்கும் நமியோகே ஆலயத்துக்குள் போனேன். இறாலுக்கும் சுஷிக்கும் முட்டைக்கும் நன்றி சொல்லி நட்ட நினைவுக்கற்கள் அதன் முற்றத்தில் நிற்கின்றன. இறால் கல்லின் எழுத்துக்களைப் படம் எடுக்கலாம் என்று வாயிலருகே நின்று கைபேசியை உயர்த்தியபோது, பின்னால் ரப்பர் காலணியின் ஈர ஓசை கேட்டது. கழுத்தில் துண்டு போட்ட ஒருவர், கையில் காலிப் பெட்டியோடு வந்துகொண்டிருந்தார். கைபேசியைப் பையில் போட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கினேன். அவர் பெட்டியைக் கீழே வைத்து, இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிந்து வணங்கிவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு நடையின் வேகம் குறையாமல் சந்தைக்குத் திரும்பிப் போனார்.